புது எஞ்சின் ஏன் ஒயில் குடிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சின் வேலை முடித்துக் காரைக் கொண்டுபோனவர்கள் இரண்டு கிழமையில் திரும்ப அழைப்பார்கள். கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "ஒயில் குறையுது, என்ன செய்யிறது?" பலாலி வீதிப் பக்கம் சின்னக் கராஜ் ஒன்றை நடத்திக்கொண்டு நாளுக்கு நாலு தடவை ஒரே விளக்கத்தைச் சொல்வதைவிட எழுதிவைப்பது லேசு. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணை, மொறிஸ் மைனருக்கு போர் அடிச்சு, புது பிஸ்டன், றிங் எல்லாம் போட்டனான். 400 கிலோமீற்றர் ஓட முதலே கால் லீற்றர் ஒயில் இறங்கிப்போச்சு. வேலை பிழைச்சுப்போச்சோ?

இன்னும் அப்படிச் சொல்ல முடியாது. புதிதாகப் போர் அடித்த, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து புது பிஸ்டனும் அதைச் சுற்றியிருக்கும் றிங் என்ற வளையங்களும் போட்ட எஞ்சின் முதல் சில நூறு கிலோமீற்றருக்கு ஒயில் குடிக்கத்தான் செய்யும். கவனிக்கவேண்டியது எவ்வளவு குறைந்தது என்பதை அல்ல, குறைகிற வேகம் தணிகிறதா என்பதை. முதல் 500 கிலோமீற்றரில் 300 மில்லிலீற்றர், அடுத்த 500இல் 150, அதற்குப் பிறகு 1,000 கிலோமீற்றருக்கு 100 என்று இறங்கிக்கொண்டு போனால் எஞ்சின் நன்றாகப் படிகிறது. முதல் 500இலும் 300, நாலாவது 500இலும் 300 என்றால் காரைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

டிப்ஸ்ரிக்கை (ஒயில் அளவு பார்க்கும் கம்பியை) நாளுக்கு மூன்று தரம் உருவிப் பார்த்து நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 200 கிலோமீற்றருக்கு ஒருக்கால் போதும். ஆனால் அதைத் தவறவிடக் கூடாது. புது எஞ்சினை ஒயில் இல்லாமல் ஓடி பேரிங்கைச் சாப்பிட்டுக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

றிங் "படியிறது" எண்டு எல்லாரும் சொல்லினம். உள்ளுக்கு உண்மையில என்ன நடக்குது?

லேத்தில் போர் அடித்து முடிந்த சிலிண்டரைத் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழுக்காது. வழுக்கவும் கூடாது. கடைசியில் ஹோனிங் கல்லைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுத்து, சுவர் முழுக்கக் குறுக்கும் மறுக்குமாகக் கீறு விழுத்துவார்கள். வெளிச்சம் பிடித்துப் பார்த்தால் பனையோலைப் பெட்டிப் பின்னல் மாதிரி சரிந்த கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். அந்தக் கோடுகளின் பள்ளத்தில் ஒயில் தங்கும். மேடுகள் றிங்கோடு உரசித் தேயும். றிங்கின் முகமும் கூடவே கொஞ்சம் தேயும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்வரை றிங்கும் சுவரும் வட்டம் முழுக்கத் தொட்டுக்கொண்டிருப்பதில்லை. அந்த இடைவெளியால் எரிந்த வாயு கீழே ஒயில் தங்கும் தொட்டியான சம்புக்குள் இறங்கும், சம்பின் ஒயில் மேலே ஏறி எரியும். ஒயில் போகும் வழி இதுதான்.

பலரும் தவறவிடும் இடம் இனிமேல்தான். றிங்கைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது அதன் சொந்த விறைப்பு என்று நினைக்கிறோம். மேல் றிங்கின் விறைப்பு கொஞ்சம்தான். கையால் அமத்தினாலே சுருங்கும். அதை உண்மையில் வெளியே தள்ளுவது எரிதலின் அமுக்கம். வெடித்த வாயு றிங்குக்கு மேலால் இறங்கி, பிஸ்டன் காடிக்குள்ளே அதன் முதுகுப்புறம் புகுந்து, பின்னாலிருந்து சுவரோடு அமத்துகிறது. அக்சிலேற்றரை மிதித்தால் அமுக்கம் கூடும், றிங் நன்றாக உரசும், மேடுகள் கெதியாகத் தேயும். மெல்ல மெல்ல ஓடினால் அமுக்கம் போதாது. றிங் ஒயில் படலத்துக்கு மேலே மிதந்துகொண்டு போகும். மேடு தேயாது. சுவரில் நின்ற ஒயில் சூட்டில் கருகி, பள்ளங்களை அடைத்து, தேன் நிறத்தில் மினுங்கும் ஒரு பூச்சாகப் படியும். கிளேஸ் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அது இறுகின பிறகு எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடினாலும் றிங் படியாது. எஞ்சினைக் கழற்றித் திரும்ப ஹோன் பண்ணத்தான் வேண்டும்.

ஆகவே என் கராஜுக்குத் திரும்பி வந்த புது எஞ்சின்களில் முரட்டுத்தனத்தால் கெட்டவை குறைவு. செல்லத்தால் கெட்டவைதான் அதிகம்.

அப்பா சொல்லுறார், அந்தக் காலத்தில முதல் ஆயிரம் மைலுக்கு 30 மைல் வேகத்துக்கு மேல ஓடவே இல்லையாம். நீங்கள் மிதிக்கச் சொல்லுறியள். ஆர் சொல்லுறது சரி?

அப்பா சொல்வது வெறும் பழக்கம் இல்லை. மொறிஸைச் செய்த பி.எம்.சி கொம்பனி காலத்துக் கையேடுகளே முதல் 500 மைலுக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லின, எந்த கியரிலும் அக்சிலேற்றரை முழுக்க மிதிக்க வேண்டாம் என்றன. இங்கிலாந்தில் பின் கண்ணாடியில் "றன்னிங் இன், முந்திச் செல்லவும்" என்று எழுதி ஒட்டிக்கொண்டு ஓடினார்கள். அந்தக் காலத்துப் பேரிங்குகளும் பிஸ்டன்களும் இன்றைய நுட்பத்தோடு செய்தவை அல்ல. ஒயிலும் இன்றைய ஒயில் அல்ல. சூடு ஏறினால் பிஸ்டன் இறுகிப் பிடித்துவிடும் என்ற பயம் நியாயமானது.

ஆனால் கையேட்டில் இருந்த இன்னொரு பாதி நாங்கள் கைமாற்றிக்கொண்டு வரும்போது எங்கேயோ விழுந்துவிட்டது. உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவைக்காதே என்பது அது. 30 மைல் என்ற இலக்கம் நினைவில் நின்றது. நாலாம் கியரில் 25 மைலில் இழுக்க முடியாமல் குலுங்கிக்கொண்டு போவதை எங்கள் ஆட்கள் "பக்குவமாக ஓடுறது" என்று நினைத்துக்கொண்டார்கள். எஞ்சினுக்கு அதைவிடக் கொடுமை இல்லை.

நான் சொல்வது அதிவேகம் அல்ல. பாரம். இரண்டும் வேறு. மூன்றாம் கியரில் 40இலிருந்து 60 கிலோமீற்றர் வேகம்வரை உறுதியாக மிதித்து ஏற்றுவது பாரம். 110இல் ஒரே இழுவையாக வவுனியாவரை ஓடுவது வேகம். முன்னது வேண்டும். பின்னது முதல் 1,000 கிலோமீற்றருக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, யாழ்ப்பாணத்தில எங்க ஓடுறது, எப்பிடி ஓடுறது?

கண்டிப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஏற்றமே எஞ்சினுக்குப் பாரம் கொடுத்துவிடும். எங்கள் மண் தட்டை. பாரத்தைக் காலால்தான் கொடுக்கவேண்டும். ரவுணுக்குள் கஸ்தூரியார் வீதியில் சனத்துக்குள்ளே ஊர்ந்து றிங் படியவைக்க முடியாது.

எஞ்சினை முதலில் வழமையான சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு காலை ஆறு மணிபோல, சனம் குறைந்த நேரத்தில், நாவற்குழி தாண்டி ஏ9 வீதியில் சாவகச்சேரிப் பக்கமோ, பருத்தித்துறை வீதியில் வல்லை வெளிக்கோ போங்கள். வல்லையில் காற்று எதிர்த்து அடித்தால் இன்னும் நல்லது, அதுவும் ஒரு பாரம். மூன்றாம் கியரில் 35, 40இல் தொடங்கி முக்கால்வாசி மிதியில் 60வரை ஏற்றுங்கள். பிறகு காலை முழுக்க எடுத்துவிட்டு, கிளச் மிதிக்காமல், கியரிலேயே 35க்கு இறங்க விடுங்கள். திரும்ப ஏற்றுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து தரம். மிதிக்கும்போது றிங் உரசும். காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, கீழேயுள்ள ஒயிலைக் கொஞ்சம் மேலே இழுத்து, உரசிய தூளைக் கழுவி, சுவரையும் ஆற்றும். இரண்டு பாதியும் வேண்டும்.

நடுவில் வெப்பமானியைப் பாருங்கள். ஊசி வழமையை விட்டு ஏறினால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். நகரத்துக்கு வெளியே 70 கிலோமீற்றர்தான் கார்களுக்குச் சட்ட எல்லை. அதைத் தாண்டாமலே இவ்வளவும் செய்யலாம். மொறிஸ் போன்ற சின்ன எஞ்சினுக்கு 55இல் நிறுத்துங்கள்.

அன்றைக்கே றிங்கின் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். மிச்சத்துக்கு 1,000 கிலோமீற்றர்வரை ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடாமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓடினால் போதும். புதிய எஞ்சினோடு முதல் பயணமாகக் கொழும்புக்கு வெளிக்கிடாதீர்கள். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரே மிதியில் நேர் றோட்டு.

முதல் தரம் ஸ்ராட் பண்ணேக்க என்ன கவனிக்கிறது?

வால்வைத் திறக்கும் கேமையும், கேமுக்கும் வால்வுக்கும் இடையில் நிற்கும் டப்பெட்டையும் புதிதாகப் போட்டிருந்தால் இதுதான் முழு வேலையிலும் ஆபத்தான 20 நிமிடம். மொறிஸ், ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிஜ் என்ற பழைய கார்கள் எல்லாவற்றிலும் டப்பெட் தட்டையாகக் கேமின் மேலேயே உரசுகிறது. கேமுக்கு ஒயில் கிடைப்பது பெரும்பாலும் கிராங் சுழன்று தெறிப்பதால். ஐட்லில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) அந்தத் தெறிப்பு போதாது. ஆகவே ஸ்ராட் ஆனவுடன் 2,000 சுற்றுக்கு மேலே ஏற்றி, 2,000க்கும் 2,500க்கும் இடையே ஏற்றி இறக்கிக்கொண்டு 20 நிமிடம் பிடியுங்கள். அதற்கு முன்னமே றேடியேற்றர் தண்ணீர், ஒயில் அளவு, இக்னிஷன் நேரம், பெற்றோல் எல்லாம் சரிபார்த்து வையுங்கள். ஸ்ராட் பண்ணிவிட்டு ரைமிங் பிடிக்க இறங்கினால் கேம் போய்விடும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்ராட்டரால் சுழற்றி, ஒயில் அமுக்கம் வந்ததைக் கண்ட பிறகே பிளக்கைப் பூட்டவேண்டும்.

கேம் பழையது என்றால் இந்த 20 நிமிடம் தேவையில்லை. சூடாக்கி நேரே றோட்டுக்குக் கொண்டுபோகலாம்.

எங்கட மேசன் சொன்னார், வளவுக்குள்ள ஒரு நாள் முழுக்க ஐட்லில விட்டா எஞ்சின் தானா படியுமாம்.

மேசன் சுவர் கட்டட்டும்.

சிரித்தாலும், இந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். தொழில் பழக வந்த புதிதில் வீட்டு ஏ-40க்கு எஞ்சின் வேலை செய்தோம். பெற்றோலுக்குத் தட்டுப்பாடு. ஓடித் திரிய மனமில்லாமல் மூன்று பின்னேரம் வளவுக்குள் மாமரத்துக்குக் கீழே ஐட்லில் விட்டேன். மெல்லிசாக நீலப் புகை வந்துகொண்டே இருந்தது. "படியப் படிய நிக்கும்" என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். நிற்கவில்லை. 3,000 கிலோமீற்றருக்குப் பிறகு ஹெட்டைக் கழற்றினால் நாலு சிலிண்டரும் வார்னிஷ் அடித்த மாதிரி. கீறு ஒன்றும் தெரியவில்லை. றிங்கை மாற்றவும் இல்லை, ஹோன் கல்லைப் போட்டு இழுத்து, அதே றிங்கைத் திரும்பப் போட்டு, இந்தத் தரம் வெளியே கொண்டுபோய் மிதித்தோம். புகை நின்றது.

எந்த ஒயில் விடுறது?

பழைய எஞ்சினுக்கு வேலை செய்த புதிதில் சாதாரண மினரல் 20டபிள்யூ-50 போதும். தட்டை டப்பெட்டுக்குத் துத்தநாகச் சேர்மானம் கூடின ஒயில் கிடைத்தால் இன்னும் நல்லது. முழு சின்தெட்டிக்கை முதல் 1,500 கிலோமீற்றர் வரை தொடவேண்டாம். உராய்வைக் குறைக்கும் என்று விற்கிற சேர்மானங்களும் வேண்டாம். றிங் படிய உராய்வுதான் வேண்டும், அதைக் காசு கொடுத்து ஏன் குறைப்பான்?

கொம்பனிப் புது காருக்கு இது பொருந்தாது. அதற்குத் தொழிற்சாலையிலேயே விட்ட ஒயில் இருக்கும். கையேட்டில் 0டபிள்யூ-20 என்றால் 0டபிள்யூ-20தான்.

முதல் ஒயில் எப்ப மாத்திறது?

வேலை செய்த எஞ்சினுக்கு, முதல் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஒருக்கால், 500இல் ஒருக்கால், 1,500இல் ஒருக்கால். முதல் ஒயிலில் மெல்லிய சாம்பல் மினுக்கம் தெரிந்தால் அது றிங்கும் சுவரும் உரசின தூள். பயமில்லை. விரலுக்குள் தட்டுப்படுகிற செதில், செம்பு நிறத் துணுக்கு வந்தால் பேரிங்கைப் பார்க்கவேண்டும். 500இல் ஒயில் மாற்றும்போது ஹெட் நட்டுகளைத் திரும்ப இறுக்கி, டப்பெட் இடைவெளியையும் பாருங்கள். மொறிஸ் ஏ எஞ்சினுக்கு அது 0.012 அங்குலம், எஞ்சின் ஆறியிருக்கும்போது. ஹெட்டை இறுக்கினால் டப்பெட் இடைவெளி மாறும். ஆகவே ஹெட் முதல், டப்பெட் பிறகு.

கொம்பனியில புதுசா எடுத்த காருக்கும் உப்பிடி மிதிக்கோணுமோ?

தேவையில்லை. இன்றைய தொழிற்சாலைகள் ஹோனிங்கை இரண்டு கட்டமாகச் செய்கின்றன. முதலில் ஆழமான கீறு, பிறகு மெல்லிய கல்லால் மேடுகளின் நுனியைச் சீவிவிடுவது. நாங்கள் வல்லை வெளியில் செய்கிற வேலையில் பெரும்பகுதியை அவர்கள் மெசினிலேயே முடித்து அனுப்புகிறார்கள். மிச்சம் கொஞ்சம்தான்.

கையேடு சொல்வதைச் செய்தால் போதும். ரொயோட்டாக் கையேடுகள் முதல் 1,000 கிலோமீற்றருக்கு மிகை வேகம் வேண்டாம், திடீர் முடுக்கம் வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடவேண்டாம் என்கின்றன. சுசுக்கி அதையே 960 கிலோமீற்றருக்குச் சொல்கிறது. விந்தையான இந்த இலக்கம் 600 மைலை மாற்றியதால் வந்தது. புது பிறேக்குக்கும் படிய நேரம் வேண்டும் என்பதால் முதல் 300 கிலோமீற்றருக்கு அடித்துப் பிறேக் பிடிக்காதீர்கள்.

இறக்குமதித் தடை 2020இல் வந்து 2025இல் தனியார் வாகனங்களுக்கு நீங்கிய பிறகு, ஐந்து வருடம் காத்திருந்து எடுத்த காரை அநேகர் முட்டை மாதிரித் தூக்கித் திரிகிறார்கள். விலையைப் பார்த்தால் விளங்குது. ஆனாலும் நல்லூரைச் சுற்றி 20 கிலோமீற்றர் வேகத்தில் மட்டும் ஓடாமல், கிழமைக்கு ஒருக்கால் கிளிநொச்சிவரை கொண்டுபோய் வாருங்கள்.

ஜப்பானில இருந்து வந்த றீகண்டிஷன் கார். 25,000 கிலோமீற்றர் ஓடியிருக்கு. நான் புதுசாப் படிய வைக்கோணுமோ?

வேண்டாம். அது ஜப்பானிலேயே படிந்துவிட்டது. ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு ஓடுங்கள். மீற்றர் சொல்வது உண்மையா என்பது வேறு கேள்வி.

எவ்வளவு குறைஞ்சா "கூட" எண்டு சொல்லலாம்?

கொம்பனிகளின் கணக்கைக் கேட்டால் மயக்கம் வரும். ரொயோட்டாக் கையேடுகளில் 1,000 கிலோமீற்றருக்கு 1 லீற்றர் வரை ஏற்கத்தக்க எல்லை என்று இருக்கும். ஃபோக்ஸ்வாகன் அரை லீற்றர் என்கிறது. இது உத்தரவாதக் கணக்கு. இதைத் தாண்டினால்தான் அவர்கள் பொறுப்பு எடுப்பார்கள். ஆரோக்கியமான எஞ்சின் இவ்வளவு குடிக்கும் என்று பொருள் அல்ல. நன்றாகப் படிந்த இன்றைய கார் ஒரு ஒயில் மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே டிப்ஸ்ரிக்கில் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். போர் அடித்த பழைய மொறிஸ் 1,000 கிலோமீற்றருக்கு 200 மில்லிலீற்றருக்குள் நின்றால் நான் கைகுலுக்குவேன்.

அளக்கும் விதம் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டி ஐந்து நிமிடம் விட்டு, துடைத்து, திரும்பச் செருகிப் பாருங்கள். ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் நிறுத்துங்கள். ஒரு நாள் போர்ட்டிகோவிலும் மறுநாள் ஒழுங்கைச் சரிவிலும் பார்த்தால் கால் லீற்றர் மாயமாகக் கூடும், குறையும். டிப்ஸ்ரிக்கின் இரு குறிக்கும் இடையே பல கார்களில் 1 லீற்றர் அளவு இருக்கும். சின்ன எஞ்சின்களில் குறைவு. விட்ட அளவை மருந்துக் கடைக் கோப்பையால் அளந்து, மீற்றர் இலக்கத்தோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். "கொஞ்சம் விட்டனான்" என்பதை வைத்து எனக்குக் கணக்குப் பார்க்க முடியாது.

4 லீற்றர் கானை வாங்கினோம், மிச்சம் விடுவான் ஏன் என்று முழுக்க ஊற்றுகிறவர்களும் உண்டு. மேல் குறிக்கு மேலே போனால் கிராங் அடித்து ஒயில் நுரைக்கும், சம்பின் வாயுவை வெளியே விடும் பிறீதர் குழாயால் இழுபட்டு எரியும். அதுவும் "ஒயில் குடிக்குது" என்று முறைப்பாடாக வரும்.

எங்கட வாகன்-ஆர் ஒரு துளியும் குறையேல்லை. உண்மையில கொஞ்சம் கூடின மாதிரிக் கிடக்கு. சந்தோசப்படலாமோ?

டிப்ஸ்ரிக்கை மணந்து பாருங்கள். கொக்குவிலில் இருந்து ரவுணுக்கு நாலு கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, பின்னேரம் திரும்பி வருகிற கார்களுக்கு இது அடிக்கடி வரும். எஞ்சின் ஒழுங்காகச் சூடேறும் முன்னமே ஓட்டம் முடிந்துவிடும். குளிரில் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரால் வழிந்து சம்புக்குள் இறங்கும். ஒயில் குறைந்த இடத்தைப் பெற்றோல் நிரப்பிவிடுவதால் அளவு அப்படியே நிற்கும், சிலவேளை ஏறும். எஞ்சின் அடிக்கடி தானாக நின்று தொடங்குகிற ஹைபிரிட்டுகளில் சூடேற இன்னும் நேரமெடுக்கும்.

கிழமைக்கு ஒருக்கால் அரை மணித்தியாலத்துக்கு மேல் நன்றாகச் சூடேற ஓடினால் பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். அப்போது ஒயில் திடீரென்று "குறைந்த" மாதிரித் தெரியும். அதுதான் உண்மையான அளவு. இப்படி ஓடுகிறவர்கள் கிலோமீற்றரைப் பார்க்காமல் மாதத்தைப் பார்த்து ஒயில் மாற்றவேண்டும். ஆறு மாதம்.

புகையைப் பாத்து என்ன கண்டுபிடிக்கலாம்?

நீலம் என்றால் ஒயில். கறுப்பு என்றால் பெற்றோல் அளவுக்கு மேல் போகிறது. வெள்ளை நிற்காமல் வந்து றேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கஸ்கற். மார்கழி விடியலில் முதல் இரண்டு நிமிடம் வரும் வெள்ளை வெறும் நீராவி.

நீலம் எப்போது வருகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. மிதிக்கும்போது தொடர்ந்து வந்தால் றிங். காலையில் ஸ்ராட் பண்ணும்போது ஒரு குபீர், பிறகு இல்லை என்றால் வால்வ் சீல், இரவு முழுக்க ஒயில் வால்வ் தண்டால் வழிந்திருக்கும். மூன்றாம் கியரில் 60இல் காலை எடுத்து, 30க்கு இறங்க விட்டு, திரும்ப மிதிக்கும்போது கண்ணாடியில் ஒரு மேகம் தெரிந்தால் வால்வ் கைட், வால்வ் தண்டு ஓடும் குழல். பின்னால் சைக்கிளில் வருகிறவர் இருமுகிறாரா என்று பார்ப்பது என் மாமாவின் முறை.

புகை இல்லை. ஆனா ஒயில் குறையுது.

இரவு எஞ்சினுக்குக் கீழே ஒரு அட்டையை விரித்துவிட்டுப் படுங்கள். மொறிஸ் ஏ எஞ்சினின் பின்பக்கக் கிராங்கில் ரப்பர் சீல் கிடையாது. ஒயிலைத் திருப்பி அனுப்புகிற ஒரு திருகு காடிதான் உண்டு. ஓடும்போது வேலை செய்யும், நின்றால் சொட்டும். றிங் படியாமல் சம்புக்குள் அமுக்கம் கூடினால் இன்னும் சொட்டும். பிறீதர் அடைத்திருந்தாலும் அதேதான். சீலை மாற்று, கஸ்கற்றை மாற்று என்று செலவழிக்க முதல் பிறீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள்.

5,000 கிலோமீற்றர் ஆச்சு. சொன்னபடி எல்லாம் ஓடினன். இன்னும் குடிக்குது.

இனிப் பொறுமை வேண்டாம். கம்பிறசன் (சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கம்) அளக்கவேண்டும். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 10, 15 வீதத்துக்கு மேல் இருந்தால், குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளவுங்கள். ஏறினால் றிங். ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட். ஒன்று சொல்லவேண்டும்: எரிவாயுவைத் தடுப்பது மேல் றிங்குகள், ஒயிலை வழிப்பது கீழ் றிங். கம்பிறசன் நன்றாக இருந்தும் ஒயில் குடிக்கிற எஞ்சின் உண்டு.

வேலையில் நடக்கிற பிழைகள் சில. இரண்டாம் றிங்கைத் தலைகீழாகப் போடுவது: குறி உள்ள பக்கம் மேலே இருக்கவேண்டும், மாறினால் அது ஒயிலைக் கீழே வழிக்காமல் மேலே அள்ளும். 20 தௌ, 30 தௌ (ஒரு தௌ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) என்று போர் அடித்த அளவுக்கும் வாங்கிய பிஸ்டனுக்கும் பொருத்தம் பாராமல் பூட்டுவது. வால்வ் கைட்டைத் தொடாமல் விட்டுவிட்டு, புது றிங் போட்டோம் என்று திருப்திப்படுவது.

எல்லாவற்றிலும் அதிகம் நடப்பது கழுவாமல் விடுவது. ஹோன் பண்ணின கல்லின் தூள் கீறுகளுக்குள் இருக்கும். மண்ணெண்ணெயாலோ பெற்றோலாலோ கழுவினால் அது வெளியே வராது, இன்னும் உள்ளே இறங்கும். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் பிறஷும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்க்கவேண்டும், உடனே ஒயில் பூசவேண்டும், இல்லாவிட்டால் எங்கள் காற்றுக்கு பத்து நிமிடத்தில் துரு. ஒரு வாடிக்கையாளர் வேறு இடத்தில் செய்வித்த எஞ்சினைக் கொண்டுவந்தார். 2,000 கிலோமீற்றரில் புது றிங் தகடாகத் தேய்ந்திருந்தது. அந்த சம்பின் அடியில் விரலை வைத்தால் அரம் மாதிரி இருந்தது. லேத்தில் வேலை நடக்கும்போது போய் நின்று, "எதால கழுவுறியள்?" என்று கேளுங்கள். ஆரும் கோபிக்கமாட்டார்கள். கோபித்தால் வேறு லேத்.

காற்று ஃபில்டரையும் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண் தூள் ஃபில்டரின் ஓரத்தால் நுழைந்தால் அதுவும் கல்தூள்தான்.

ஒயிலுக்குள்ள விடுற மருந்து ஏதும் நிற்பாட்டாதோ? அல்லது தடிச்ச ஒயில்?

மருந்து: கிளேஸைக் கரைக்காது, றிங்கைத் திருப்பிப் போடாது. தடித்த ஒயில்: பழைய தேய்ந்த காரை விற்கும்வரை ஓட உதவும். 0டபிள்யூ-20 கேட்கிற எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 விட்டால் புகை குறையலாம், ஆனால் மெல்லிய வழிகளால் ஒயில் ஓடவேண்டிய வால்வ் ரைமிங் பொறிமுறை அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில ஓடின கார்கள் எல்லாம் படிஞ்சுதானே ஓடினது?

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத காலத்தில் எங்கள் மொறிஸும் கேம்பிறிஜும் பெற்றோல் ஒரு சொட்டை விட்டுத் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடினதைப் பெருமையாகச் சொல்வது சரிதான். அந்த எஞ்சின்களின் தாழ்ந்த அமுக்க விகிதம் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் விலையும் கொடுத்தோம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிச் சம்புக்குள் இறங்கியது. பெற்றோலைப் போல் அது லேசாக ஆவியாகாது. டிப்ஸ்ரிக்கில் அளவு ஏறும், தடிப்பு போய்விடும். "ஒயில் குடிக்கவே இல்லை" என்று சொன்ன அந்தக் கார்களில் பலவற்றைப் பிறகு திறந்தபோது சிலிண்டரின் மேற்பகுதியில் நகம் மாட்டுகிற அளவுக்குப் படி விழுந்திருந்தது. இன்றைக்குப் போர் அடிக்க வருகிற பழைய பிளொக்குகளில் 60 தௌ வரை போனவை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

லான்ட்மாஸ்ரரும் தோட்டத்துத் தண்ணிப் பம்பும்?

லான்ட்மாஸ்ரர் என்ற இருசில்லு உழவு மெசினுக்கும் பம்புக்கும் அதே விதிதான், டீசலில் இன்னும் கண்டிப்பாக. றிங் மாற்றின பம்பைத் தண்ணீர் இறைக்காமல் வெறுமனே ஓடவிட்டால் கிளேஸ் ஆகும். குழாயைக் கிணற்றுக்குள் இறக்கி, முதல் நாளே வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். வீட்டு ஜெனரேற்றரும் அப்படியே: ஒரு மின்குமிழை மட்டும் எரித்துக்கொண்டு மணிக்கணக்காக ஓடவிடாமல், தண்ணீர் மோட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் கூடப் போடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு நிறுத்தி ஒயிலைப் பாருங்கள்.